எடைக்குப் போடுவதற்கு முன்

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட், 2022-ல் வீட்டுக்கடனில் வாங்கியது. போன வார மழையில் இரண்டடித் தண்ணீர் உள்ளே நின்றது. நாலு வருட ஃபிரிட்ஜ், ஏழு வருட ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் முங்கிவிட்டன. ஃபிரிட்ஜுக்கு 6,500 ரூபாய், மெஷினுக்கு 11,800 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். புதுசு வாங்கினால் நோ காஸ்ட் இஎம்ஐ தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். இரும்புக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 5,000 தருகிறாராம். கையில் 2 லட்சம் எஃப்.டி. மட்டும்தான். அம்மாவின் இன்சுலினுக்காக ஃபிரிட்ஜ் அவசரமாகத் தேவை. என்ன செய்யலாம்?

பதில்: இரும்புக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கடன் ஃபைலை எடுங்கள். கடன் தரும்போது வங்கி தலையில் கட்டிய காப்பீடு ஒன்று அதில் இருக்கலாம். பெரும்பாலும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2021 ஏப்ரலுக்குப் பிறகு போட்டதென்றால் அது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளம், புயல் மட்டுமல்ல, மேல் தொட்டி நிரம்பி வழிந்த சேதமும் அதில் அடக்கம்.

பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தில் 'ஹோம் பில்டிங்' மட்டும் இருக்கிறதா, 'ஹோம் கன்டென்ட்ஸ்' என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தோடு உடைமைகளுக்கும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடக் காப்புத்தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. கட்டடத்துக்கு 30 லட்சம் என்றால் பொருட்களுக்கு 6 லட்சம். காப்புத்தொகை புதுப்பொருளின் விலையை வைத்துப் போடப்படுவது என்பதால், ஏழு வருட மெஷின்தானே என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். வாரன்டியை, எக்ஸ்டெண்டட் வாரன்டி உட்பட, நம்ப வேண்டாம். தண்ணீர்ச் சேதத்தை அவை பெரும்பாலும் ஏற்பதில்லை.

காப்பு இருந்தால் இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, ஒவ்வொரு பொருளின் முழுத்தோற்றம், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மூன்றும் படத்தில் வரட்டும். பில் நனைந்து போயிருந்தால் கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டர் விவரம், வாரன்டி பதிவு எதுவும் உதவும். ஆத்தரைஸ்டு சர்வீஸில் எஸ்டிமேட் வாங்கும்போது 'வெள்ள நீரில் மூழ்கியதால் பழுது' என்று காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். வெறும் 'போர்டு பழுது' என்று எழுதினால், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேள்வி கேட்பார்.

"ஒருதடவை ஆன் பண்ணிப் பாத்துடலாம் சார்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஷாக் அடிக்கும் என்பது ஒரு காரணம். பணக் காரணம் வேறு: ஷார்ட் சர்க்யூட்டில் அந்தச் சாதனத்துக்கே ஏற்படும் சேதத்தை இந்த பாலிசி விலக்கி வைத்திருக்கிறது. ஈரத்தில் போட்டு போர்டு கருகினால், வெள்ளம் கெடுத்ததா நீங்கள் கெடுத்தீர்களா என்று வழக்காடும் நிலை வரும். இன்வெர்ட்டர் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: மெயினை அணைத்தாலும் அதன் அவுட்புட்டில் 230 வோல்ட் இருக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்து கழற்றட்டும்.

காப்பு இல்லையென்றால் ரிப்பேர் கணக்குக்கு வருவோம். சாக்கடை கலந்த தண்ணீர் காய்ந்தபின் போர்டில் உப்புப்படலம் தங்கும். செம்புக்கோடுகள் பச்சை பூத்து, இன்று ஓடுவது மூன்றாம் மாதம் நிற்கலாம். அதனால் ரிப்பேர் செய்ததற்கு முழு ஆயுளைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் சீல் செய்யப்பட்டது. உள்ளே தண்ணீர் போகாது. வெளியே இருக்கும் ரிலே, ஓவர்லோடு, போர்டுதான் போயிருக்கும். மூன்று வருடம் ஓடும் என்று வைத்தால் 6,500 ரூபாய் வருடத்துக்கு 2,170-க்குள் அடங்குகிறது. 28,000 ரூபாய் புது ஃபிரிட்ஜ் பத்து வருடம் ஓடினால் வருடத்துக்கு 2,800. ரிப்பேருக்கே போகலாம், ஒரு நிபந்தனையோடு: அடிப்பக்கத் தகட்டு இடுக்கு வழியாக, குளிர் வெளியேறாமல் தடுக்கும் ஃபோமுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கக் கூடாது. ஓடவிட்ட மறுநாள் பக்கவாட்டுத் தகட்டின் கீழ்ப்பகுதி மட்டும் வியர்த்தால் ஃபோம் நனைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி கரண்ட் பில்லைத் தின்னும். பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வாஷிங் மெஷின் வேறு கதை. மோட்டார் அடிவயிற்றில் இருக்கிறது, பேரிங்கும் சேற்றுத்தண்ணீர் குடித்திருக்கும். 11,800 செலவழித்து இரண்டு வருடம் ஓடினால் வருடத்துக்கு 5,900. புதுசு 30,000 என்றாலும் பத்து வருடத்துக்கு 3,000-தான். ரிப்பேர் வேண்டாம். பேட்டரிக்குள் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் அதைத் தேற்ற முடியாது. இரும்புக்காரரைவிட பேட்டரி கடை எக்ஸ்சேஞ்சில் கூடுதலாகக் கிடைப்பதே வழக்கம், விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி: கடையில் "ரொக்கம் கொடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்கள். 30,000 ரூபாய் மெஷின் ரொக்கத்துக்கு 28,200 என்றால், 12 மாதம் 2,500 கட்டுவதில் வட்டி ஏறக்குறைய 12 சதவீதம். பிராசஸிங் ஃபீயும் கார்டு வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. எஃப்.டி. வட்டி அதற்குக் கிட்டக்கூட வராது, அதனால் எஃப்.டி.யிலிருந்து எடுத்து ரொக்கத்தில் வாங்குவதே லாபம். ஆனால் 2 லட்சத்தையும் உடைக்காதீர்கள். மூன்று மாதச் செலவும் வீட்டுக்கடன் தவணையும் அதில் நிற்கட்டும். பாதியளவு எடுக்க வங்கி அனுமதிக்குமா என்று கேளுங்கள்.

ஃபிரிட்ஜுக்கு முதலிடம். அது தயாராகும்வரை புது இன்சுலின் குப்பிகளைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் மட்டும் வேண்டாம். மெஷின் இரண்டு மாதம் பொறுக்கும். கிளெய்ம் போட்டிருந்தாலும் புதுசு வாங்கத் தடையில்லை. பழசு சர்வேயர் பார்க்கும்வரை வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறுவனம் சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமித்து, 15 நாளில் அறிக்கை பெற்று, அடுத்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் வைத்த கெடு. இழுத்தடித்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் சரியில்லையென்றாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம்; கட்டணம் கிடையாது. பழைய பொருளை நீங்களே வைத்துக்கொண்டால் அதன் ஸ்கிராப் மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் பணம் வரும். அந்தத் தொகையை சர்வேயரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குக் குறையாமல் தருவாரா என்று இரும்புக்காரரிடம் அப்போது பேசுங்கள்.