ஃபேண்டஸி உலகங்களில் வரும் ட்வார்ஃப் எனும் குள்ள இனத்தின் கொல்லர் தெய்வங்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

மொராடின். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேஜை விளையாட்டை விளையாடுகிறவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ட்வார்ஃப் இனத்துக்குத் தகப்பன் சாமி, சுத்தியலும் பட்டடையும் சின்னம், மனைவி பெயர் பெரோனார்.

இந்தக் கேள்விக்குப் பலரும் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கொல்லர் தெய்வமான ஔலேயைத்தான் சொல்வார்கள். அதுவும் நல்ல கதைதான். எல்ஃப்களும் மனிதர்களும் வரும்வரை பொறுக்க முடியாமல், ட்வார்ஃப்களின் ஏழு மூதாதையரை அவர் மலைக்கு அடியில் ரகசியமாகச் செய்துவிடுகிறார். பெரிய கடவுளான இலூவதார் கண்டித்ததும், செய்ததை உடைக்கச் சுத்தியலை ஓங்குகிறார். அவை பயந்து ஒடுங்குகின்றன. அப்போதுதான் தெரிகிறது, அவற்றுக்கு ஏற்கெனவே சொந்த உயிர் வந்துவிட்டது என்று. எனக்கும் பிடித்த இடம்தான் அது. ஆனால் உயிர் கொடுத்தவர் இலூவதார். கொல்லர் செய்தது உடம்பு மட்டும்.

மொராடின் கதையில் மேலிடம் என்று யாரும் கிடையாது. உலகத்தின் நடுவில் எரிகிற உலையில் இரும்பையும் மித்ரல் என்ற கற்பனை உலோகத்தையும் அடித்து உருவங்கள் செய்கிறார். வேலை முடிந்ததும், காபியை ஆற்றுவதுபோல, சூடு தணிய ஊதுகிறார். அந்த மூச்சே அவற்றுக்கு ஆன்மாவாகிவிடுகிறது. மந்திரம், வரம் என்று தனியாக எதுவும் இல்லை. பட்டறை வேலையின் கடைசிப் படியிலேயே உயிரும் வந்துவிடுகிறது. இதை யோசித்து எழுதியவர் யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு.

அவரைக் கும்பிடும் பூசாரியாக விளையாடினால் இன்னும் ருசி. 2017-இல் வந்த ஸனத்தார்ஸ் கைடு என்ற விதிப் புத்தகத்தில், பூசாரிகளுக்கு 'ஃபோர்ஜ் டொமைன்' (கொல்லுலைப் பிரிவு) என்று ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டாம் லெவலில் ஒரு சடங்கு கிடைக்கும்: ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜெபித்தால், உலோகம் கலந்த ஏதாவது ஒரு பொருளைச் செய்துகொள்ளலாம். விலை 100 பொற்காசுக்குள் இருக்க வேண்டும். சங்கிலிக் கவசம் 75, அது நடக்கும். முழுத் தகட்டுக் கவசம் 1,500, வாய்ப்பே இல்லை. முக்கியமான விஷயம், பொருளின் விலைக்கு ஈடான உலோகத்தை நாம்தான் முன்னால் வைக்க வேண்டும். காசாகவும் வைக்கலாம், அது உருகிப் பொருளாகிவிடும். சும்மா கொடுக்கிற சாமி இல்லை, கச்சாப்பொருள் கேட்கிற சாமி!

கையில் அசல் இருந்தால் நகலும் எடுக்கலாம். எங்கள் ஆட்டத்தில் ஒருமுறை திருடன் பாத்திரம் சிறைக் காவலன் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வந்தது. தானியக் கிடங்கில் ஒளிந்தபடி சில செப்புக்காசுகளைப் பரப்பி, என் ட்வார்ஃப் ஒரு மணி நேரம் முணுமுணுத்தான். காசெல்லாம் சேர்ந்து இன்னொரு சாவி ஆனது. அசலைத் திரும்ப அதே இடுப்பில் மாட்டிவிட்டு வந்தோம். காவலன் கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை. கத்தியை வெளியே எடுக்காமல் நாங்கள் ஜெயித்த ஒரே சிறை அதுதான்.

அப்புறம் முதல் லெவலிலேயே வரும் ஆசீர்வாதம். சாதாரண ஆயுதம் அல்லது கவசம் ஒன்றைத் தொட்டால், பாத்திரத்தின் அடுத்த நீண்ட ஓய்வு (ராத்தூக்கம் மாதிரி) முடியும்வரை அதன் பலத்துக்குக் கூட்டல் ஒன்று. ஒரே ஒரு பொருளுக்குத்தான். அது யாருடைய வாளுக்கு என்று எங்கள் மேஜையில் நடந்த சண்டை, டிராகனோடு போட்ட சண்டையைவிடப் பெரியது.