மண்டியிடுதல் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடுகிறான். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது அவனும் இன்னொரு பையனும், கறுப்பினத்தவர் ஒடுக்கப்படுவதை எதிர்த்து அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் செய்ததுபோல, ஒரு காலை மடித்து மண்டியிட்டார்கள். கேலரியில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கோச் சத்தம் போடவில்லை. அணியினரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் நல்லது என்றார். மகன் முடியாது என்கிறான்.

விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்பது என் எண்ணம். கேப்பர்னிக் கோடிகளில் சம்பாதித்தவர், அவருக்கு அது கட்டுப்படியாகும். நாங்கள் கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள். வந்த இடத்தில் இப்படி நடந்துகொள்ளலாமா? இந்தியாவில் கீதம் என்றால் எல்லோரும் எழுந்து நிற்கிறோம், யாரும் கேள்வி கேட்பதில்லையே. அவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் ராபர்ட் பெல்லா என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1967ல் எழுதிய ஒரு கட்டுரையை மறுபடி எடுத்து வைத்திருந்தேன். அதனால் பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடிகள் பற்றிய பேச்சை முதலில் ஓரமாக வைப்போம். 2017 ஜனவரி 1ஆம் தேதி ஆட்டத்துக்குப் பிறகு கேப்பர்னிக்கை எந்த அணியும் களத்தில் இறக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 29. பணக்காரன் பேசினால் விளம்பரம், ஏழை பேசினால் வம்பு என்றால் அப்புறம் யார்தான் பேசுவது?

இந்தியாவில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்கிறீர்கள். நீங்கள் ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது போல. 1985ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியைவிட்டு அனுப்பினார்கள். மறுவருடம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. 2016ல் கோவாவில் ஒரு தியேட்டரில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு எழுந்து நிற்கவே முடியாத ஒருவரை, கீதத்துக்கு எழவில்லை என்று அடித்தார்கள். அந்த வருடக் கடைசியில் எல்லாத் தியேட்டரிலும் கீதம் கட்டாயம் என்று உத்தரவு வந்து, 2018 ஜனவரியில்தான் தளர்ந்தது. என் சிறுவயதில் எங்கள் ஊர் டாக்கீஸில் படம் முடிந்தபின் ஜனகணமன போடுவார்கள். வில்லனைப் பிடிக்கப் போலீஸ் ஜீப் வந்ததுமே பாதிக் கூட்டம் கடைசி பஸ்ஸுக்கு ஓடியிருக்கும். யாரும் யாரையும் தேசத்துரோகி என்றதில்லை. பஸ்ஸை விட்டால் நடந்துதான் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, விளையாட்டில் அரசியல். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அரசியலை மைதானத்துக்குள் கொண்டுவந்தது மண்டியிட்டவனா? ஒரு பந்தாட்டத்துக்கு முன் நாட்டின் கீதத்தை எதற்குப் பாடவேண்டும்? உங்கள் ஆபீஸில் காலை மீட்டிங்குக்கு முன் பாடுகிறார்களா?

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1918 செப்டம்பர் 5, சிகாகோ. பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். முதல் உலகப்போர் நடக்கிறது, கூட்டம் குறைவு, உற்சாகமும் குறைவு. ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் பேண்ட் வாத்தியக்காரர்கள் இந்தப் பாட்டை வாசித்தார்கள். கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்த பிரெட் தாமஸ் என்ற வீரர் கொடியைப் பார்த்துத் திரும்பி சல்யூட் அடித்தார். மற்றவர்களும் திரும்பினார்கள், கூட்டம் சேர்ந்து பாடியது. அப்போது அது தேசிய கீதமே அல்ல. 1931ல்தான் அதற்கு அந்தத் தகுதி வந்தது. இரண்டாம் உலகப்போரில் அது எல்லா ஆட்டத்துக்கும் பரவியது. 1945ல் போர் முடிந்ததும், இனி அமைதிக் காலத்திலும் விடக்கூடாது என்று என்.எஃப்.எல். என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீகின் தலைவர் எல்மர் லேடன் சொன்னார். அவ்வளவுதான். ஒரு போர்க்காலப் பழக்கம், போர் முடிந்தும் எடுக்கப்படாமல் நின்றுவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். 2009க்கு முன்பு, இரவில் தேசிய அளவில் ஒளிபரப்பாகும் பெரிய ஆட்டங்களில், கீதம் பாடும்போது வீரர்கள் பெரும்பாலும் மைதானத்திலேயே இருந்ததில்லை, உடை மாற்றும் அறையில் இருப்பார்கள். 2015ல் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் என்ற இரு செனட்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இருவருமே குடியரசுக் கட்சி. மெக்கெய்ன் வியட்நாம் சிறையில் ஐந்தரை ஆண்டு கிடந்தவர், தேசபக்தியில் அவருக்கு யாரும் பாடம் எடுக்கமுடியாது. மைதானங்களில் கொடி விரிப்பது, சிப்பாய்களை அழைத்துக் கௌரவிப்பது போன்றவற்றுக்காக ராணுவ அமைச்சகம் விளையாட்டு அணிகளுக்கு 68 லட்சம் டாலர் கொடுத்திருந்தது என்றது அந்த அறிக்கை. ரசிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்த காட்சிகளில் பல, கட்டண அர்ச்சனை. என்.எஃப்.எல். பிறகு 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது.

ஒருமுறை நண்பர் ஒருவர் என்னை அங்கே ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். கீதம் தொடங்கியபோது நாங்கள் கேலரிக்குப் பின்னால், தின்பண்டக் கடை முன்னால் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் ஒருவர் ஒரு கையில் பீர், மறுகையில் நாச்சோஸ் தட்டு. கையை நெஞ்சில் வைக்கவேண்டுமே. நாச்சோஸ் தட்டை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டையில் சீஸ் ஒட்டியது. அவருக்குப் பின்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, கல்லாவில் பெண் சில்லறை கொடுத்துக்கொண்டே இருந்தாள். மைதானத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு கொடியைப் படுக்கவைத்துப் பிடித்திருந்தார்கள். கொடியை ஒருபோதும் கிடைமட்டமாகப் பிடிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் கொடிச் சட்டமே சொல்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் அந்த நாச்சோஸ்காரரைக் கேலி செய்யவில்லை, அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஆயிரக்கணக்கானோரில் கீதத்தை உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்?

கேப்பர்னிக் கேட்டார். நான் சொல்லவருவது இதுதான். 2016 ஆகஸ்டில் அவர் முதலில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். முதல் இரண்டு ஆட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவதில் ஒரு புகைப்படம் வெளியாகி, அதற்குப் பிறகுதான் ஊரே கொதித்தது. கறுப்பினத்தவரை ஒடுக்கும் நாட்டின் கொடிக்குப் பெருமையோடு எழுந்து நிற்க என்னால் முடியாது என்றார். போலீஸைப் பன்றியாக வரைந்த காலுறையைப் பயிற்சியின்போது போட்டிருந்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு. அந்தச் சமயத்தில் நேட் போயர் என்ற முன்னாள் சிறப்புப்படை வீரர், வருத்தத்தோடும் மரியாதையோடும் அவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். கேப்பர்னிக் அவரை அழைத்துப் பேசினார். உட்கார வேண்டாம், மண்டியிடு, இறந்த தோழனின் கல்லறை முன் நாங்கள் அப்படித்தான் மண்டியிடுவோம் என்றார் போயர். செப்டம்பர் 1, சான் டியாகோ. ராணுவத்தைக் கௌரவிக்கும் இரவாக அறிவிக்கப்பட்ட ஆட்டம். கேப்பர்னிக் மண்டியிட்டார், அணித்தோழர் எரிக் ரீடும் மண்டியிட்டார். பக்கத்திலேயே போயர் நெஞ்சில் கைவைத்து நின்றார்.

இதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது? எதிராளி சொன்னதைக் கேட்டுத் தன் எதிர்ப்பின் வடிவத்தையே மாற்றிக்கொண்டவனை வேறு எந்த அரசியலில் பார்த்தீர்கள்?

பெல்லாவுக்கு வருகிறேன். ஒரு நாட்டின் பொது வாழ்க்கைக்கென்றே ஒரு மதம், அதாவது குடிமை மதம், என்ற எண்ணத்தை 1762லேயே ரூசோ சொல்லிவிட்டார். அமெரிக்காவில் அது எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று பெல்லா காட்டினார். அதற்குப் புனித நூல்கள் உண்டு, சுதந்திரப் பிரகடனம் அதில் ஒன்று. தியாகி உண்டு, லிங்கன். திருநாட்கள் உண்டு. இவ்வளவு வரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்ததை விட்டுவிடுவார்கள். இந்த மதம் நாட்டைக் கும்பிடும் மதம் அல்ல, நாட்டையே நிறுத்தி விசாரிக்கும் மேலான ஒன்று அதில் இருக்கிறது என்பது பெல்லாவின் வாதம். அதை அவர் எழுதியது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது.

அப்படியென்றால் அந்த மதத்தின் உண்மையான பக்தன் யார்? எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வாக்கை மனப்பாடம் செய்தவனா, அது நடக்கவில்லையே என்று சன்னிதியில் நின்று கேட்டவனா? நமக்கு இது புதிதா என்ன? சுந்தரர் ஒற்றைக் கண்ணோடு திருவாரூருக்கு வந்து நின்று, நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று ஈசனையே ஏசினார். அவரை நாத்திகர் என்று யாரும் கோயிலுக்கு வெளியே தள்ளவில்லை, நாயன்மாரில் ஒருவராக வைத்திருக்கிறோம். பீர் வரிசையில் நிற்பவன் எந்தப் பூசாரியையும் உறுத்துவதில்லை. மந்திரத்தின் பொருளைக் கேட்பவன்தான் உறுத்துவான். 2018ல் என்.எஃப்.எல். கொண்டுவந்த விதியைப் பாருங்கள்: களத்தில் இருந்தால் எழுந்து நில், இல்லையா, உள்ளே அறையிலேயே இரு. நீ நம்புகிறாயா என்பது அவர்கள் கவலை இல்லை. காமிராவில் தெரியக் கூடாது, அவ்வளவுதான். பிறகு 2020ல், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று அதே அமைப்பின் தலைவர் சொன்னார். கேப்பர்னிக்கின் பெயரைச் சொல்லவில்லை.

இனி, 'வந்த இடத்தில்' என்ற உங்கள் வரி. இதை நான் கோபத்தோடுதான் வாசித்தேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 200 மீட்டர் ஓட்டம். கறுப்பின அமெரிக்க வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில், அமெரிக்க கீதம் ஒலிக்கும்போது, இனவெறியை எதிர்த்துக் காலணி இல்லாமல், கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தி நிற்கிறார்கள். முன்னால் இரண்டாமிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் சும்மா நிற்கிறார். பீட்டர் நார்மன், ஆஸ்திரேலியர். அது அவர் நாடல்ல, அவர் கீதமல்ல, அவர் இனத்தின் பிரச்சினையும் அல்ல. நமக்கெதற்கு வம்பு என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நெஞ்சில் பாருங்கள், அவர்களுடைய இயக்கமான மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டத்தின் வட்ட வில்லை இருக்கும். ஓர் அமெரிக்கத் துடுப்பு வீரரிடம் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டார். கார்லோஸ் தன் கையுறையை மறந்துவிட்டு வந்தபோது, ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னதும் அவர்தான். அதனால்தான் ஒருவர் வலக்கையும் மற்றவர் இடக்கையும் உயர்த்தியிருக்கிறார்கள். அன்று அவர் ஓடிய 20.06 விநாடி 56 ஆண்டுகள் ஆஸ்திரேலிய சாதனையாக இருந்தது. 1972 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. 2006ல் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் மெல்போர்ன் போய் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012ல்.

விசாவைப் பற்றிய உங்கள் பயத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்த வரிசையில் நிற்பவர்களின் தூக்கம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பயத்தை மரியாதை என்று பெயர் மாற்றி மகன் தலையில் கட்டாதீர்கள். பிள்ளை அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான். கொடிக்கு சல்யூட் அடிக்கும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943லேயே, போரின் நடுவில், சொல்லிவிட்டது. அதுவும் யெகோவா சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் வழக்கில்தான். உங்கள் மகனுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.

மன்னிப்பு விஷயம்: கேட்கச் சொல்லாதீர்கள். கோச்சிடம் போய்ப் பேசு, என்ன நினைத்தாய் என்று சொல் என்றால் போதும், அவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் ஒன்று. கேலரியில் எல்லோரும் எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், கோச் என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் ஏன் மண்டியிட்டான் என்று ஒரு வரிகூட இல்லை. அவனிடம் கேட்டீர்களா? கேட்டால் எனக்கும் எழுதுங்கள். அந்த இன்னொரு பையன் யார் என்பதையும்.