இலங்கை மலையகப் பாதைகளில் இரவில் காட்டு விலங்குகள்மேல் மோதாமல் வண்டி ஓட்டுவது எப்படி? எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதுமா?

வெலிமடையிலிருந்து நுவரெலியா வழியாக இரவில் மரக்கறி லொறி ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதத்தில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு மரையும் (கடமான்) டயருக்கு முன்னால் வந்துவிட்டன, முள்ளம்பன்றி தப்பவில்லை, அதன்பிறகு மனசு சரியில்லை என்றும் சொல்கிறீர்கள். அந்த வருத்தம் எனக்குத் தெரியும். நான் ஹட்டன் பக்கத்து ஆள், பதினெட்டு வருடமாக வேன் ஓட்டுகிறேன்.

பலகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அதைப் பார்ப்போம், வேகத்தைக் குறைப்போம். பத்தாம் நாள் அது பாதையோர மரம் மாதிரி ஆகிவிடும். எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு மான் படம் வைத்தால் எந்த முடக்கில், அதாவது எந்த வளைவில், காலைத் தூக்குவது என்று எந்த டிரைவருக்கும் தெரியப்போவதில்லை. விலங்கு எங்கே வேண்டுமானாலும் குறுக்கே வருவதில்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. அந்த இடங்களைத் தெரிந்துகொள்வதுதான் முக்கால்வாசி வேலை.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல விதத்தில் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன், ஐப்பசி மாதம், இரவு ஏழு மணி இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இறக்கிவிட்டு வெறும் வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். அவசரம்கூட இல்லை. மேல் மண்மேட்டிலிருந்து ஒரு கேளையாடு, சின்ன மான் வகை, குதித்தது. அடிபட்டுப் பாதையோர வடிகால் கானுக்குள் விழுந்தது. எழுந்து சுவரில் ஏறப் பார்த்தது, வழுக்கி விழுந்தது, மறுபடியும் ஏறப் பார்த்தது. மூன்றாவது தடவை எழவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவர். எந்த இடம் என்று கேட்டார். சொன்னதும், "அந்த ஓடையிலதான் எப்பவும் எறங்கும்டா. காலையில கொழுந்துக்குப் போகயில காலடி கெடக்கும். மேல காடு, கீழ ஆறு, அது வேற எங்கிட்டுப் போகும்?" என்றார். அந்த ஓடையின்மேல் ஒரு நாளைக்கு நாலு தடவை வண்டி ஓட்டியிருக்கிறேன். அங்கே ஓடை இருப்பதையே அன்றுவரை கவனித்ததில்லை.

நம்முடைய மலைகளை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். உச்சியில் கொஞ்சம் காடு மிச்சம். அடிவாரத்தில் ஆறு. நடுவில் எல்லாம் தேயிலை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைக்கு வெட்டாமல் விட்டது ஓடைக்கரைகளைத்தான். அதனால் மேலே இருந்து கீழே தண்ணீருக்கு வரும் மரை, பன்றி, முள்ளம்பன்றி, மரநாய், மீன்பிடிப் பூனை, சிறுத்தை எல்லாம் அந்தப் பள்ளத்து மறைவிலேயே நடக்கின்றன. பாதையோ மலையைச் சுற்றிக் குறுக்காகப் போகிறது. ஓடையும் பாதையும் சந்திக்கிற இடம் பெரும்பாலும் மலைப்பக்கம் உள்ளே வளையும் ஒரு உள்முடக்கு, பாதைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு மதகு. நமக்கும் அங்கே எதிரே ஒன்றும் தெரியாது, விலங்குக்கும் தெரியாது. அம்மா சொன்ன பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் வரைக்கும் அடிபட்டுக் கிடப்பவற்றை ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். திரும்பத் திரும்ப அதே நாலைந்து முடக்குகள்தான் வந்தன.

பாதையை அகலமாக்கியபோது இன்னொன்றும் நடந்திருக்கிறது. மேல் பக்கம் செங்குத்தாக மண்ணை வெட்டிச் சுவர் கட்டினார்கள், கானை ஆழமாக்கிக் கொங்கிரீட் போட்டார்கள். மண்சரிவுக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து குதித்த விலங்கு திரும்ப ஏற முடியாது. லைட் வெளிச்சத்தில் மிரண்டு சுவரோரமாகவே பாதையில் ஓடும். அப்படி ஓடும் ஒன்றைப் பார்த்தால் பின்னாலேயே விரட்டிப் போகாதீர்கள். நிறுத்தி, லைட்டை டிம் பண்ணி, ஒரு நிமிஷம் கொடுங்கள். அது தனக்கு ஒரு இடைவெளி தேடிக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால் 25 மீட்டர் அதிலேயே போய்விடும். நனைந்த பாதையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 60. டிம் லைட்டில் நன்றாகத் தெரிவதோ 40, 50 மீட்டர்தான். அதாவது மரையைப் பார்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது. அதையே 40இல் போனால் 32 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். இது சமதரையில் கார் கணக்கு. கோவாவும் (முட்டைக்கோஸ்) லீக்ஸும் ஏற்றிய லொறி இறக்கத்தில் இன்னும் கூடுதல் தூரம் எடுக்கும். பனிமூட்டத்தில் பெரிய லைட்டைப் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும், அப்போது 40கூட அதிகம். முழுப் பயணமும் ஊர்ந்து போகச் சொல்லவில்லை. காலையில் சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது எனக்கும் தெரியும். அந்தச் சில உள்முடக்குகளில் மட்டும், முக்கியமாக இருட்டும் நேரமும் விடியும் நேரமும், கியரைக் குறைத்து 30க்கு வாருங்கள். மொத்தப் பயணத்தில் சில நிமிஷம்தான் கூடும்.

குறுக்கே வந்துவிட்டால் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நம் பாதையில் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம், எதிரே பஸ். நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக் போடுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே எடுக்கவும் வேண்டாம். பெண் மரைக்குப் பின்னால் குட்டி வரும், பன்றி பெரும்பாலும் கூட்டமாக வரும்.

உங்கள் தொழிலோடு சேர்ந்த ஒரு விஷயத்தைக் கோபப்படாமல் கேளுங்கள். லொறியை ஓரம் கட்டி அழுகிய கோவா இலையையும் கரட்டையும் பாதையோரம் கொட்டுவதை நிறையப் பார்க்கிறேன். இரவில் பன்றியும் மரையும் அதற்கே வருகின்றன. சுற்றுலா வேன்காரர்களான நாங்கள் செய்வதும் அதேதான், குரங்குக்கு பிஸ்கட் போடுவது. எல்ல, வெல்லவாய பாதையில் இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் குரங்குகள் வண்டியைப் பார்த்து ஓடிவரப் பழகியிருப்பது அதனால்தான். என் வேனில் இப்போது யாரையும் ஜன்னலால் எதையும் போட விடுவதில்லை.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்குள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பனி மூடுவதற்குள் பார்க்கவேண்டும் என்று விடியுமுன்னே நுவரெலியாவிலிருந்து எல்லா வேனும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. மரை மேய்ந்து முடிக்கிற நேரமும் அதுதான். திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும், சூடான தார்மேல் ஓணான்கள் வந்து படுத்திருக்கும். அந்த உயரத்துக் காடுகளில் வாழும் மூக்கில் கொம்புள்ள ஓணானும், முட்டையிடாமல் குட்டி போடும் சின்ன ஓணானும் உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. இரண்டுமே மெதுவாக நகர்பவை, வண்டி வந்தாலும் ஓடாது. யானை ரயிலில் மோதினால் நாடே பேசுகிறது, பேசவும் வேண்டும். இவை நசுங்கினால் டிரைவருக்கே தெரிவதில்லை.

இரவில் பாதையையே மூடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். இந்தியாவில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டு வழியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை அப்படி மூடுகிறார்கள். காட்டை ஊடறுக்கும் பாதைக்கு அது சரி. நமக்குச் சரிவராது. நடு இரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுபோக நமக்கு வேறு பாதை இல்லை. நமக்கு ஒத்துவருவது தமிழ்நாட்டின் வால்பாறையில் செய்தது. அதுவும் தேயிலை மலை, அங்கேயும் நம் ஆட்கள் மாதிரித் தோட்டத் தொழிலாளர்கள். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் தரைக்கு இறங்காமல் பாதையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். உங்கள் வழியில் உள்ள ஹக்கலயில் பாதையோர மரங்களில் இருக்கும் மந்திகளுக்கு அப்படி ஒன்று கட்டப் பெரிய செலவு ஆகாது.

நாங்கள் செய்தது அதைவிடச் சின்ன வேலை. என் கொப்பியில் அதிகம் வந்த முடக்கில் மதகு மண்ணாலும் பொலித்தீனாலும் அடைத்துப் போயிருந்தது. பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தோம். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. ஓட்டோ ஸ்டாண்ட் ஆட்களும் தோட்டத்துப் பெடியன்களும் ஒரு ஞாயிறு சிரமதானம் செய்து அதைத் திறந்தோம். உள்ளே ஒரு ஓரமாகக் கல் அடுக்கினோம், தண்ணீர் ஓடும்போதும் காலை நனைக்காமல் நடக்க. கானில் இரண்டு இடத்தில் படி மாதிரிக் கல் வைத்தோம், தண்ணீர் போக்கை மறிக்காமல். முள்ளம்பன்றியும் மரநாயும் மதகுக்குள்ளேயே போகின்றன, சேற்றில் காலடி தெரிகிறது. மரை போகாது, அதற்கு மதகு சிறியது. அதற்கு டிரைவரின் கால்தான்.

எவ்வளவு பார்த்தாலும் சில சமயம் மோதிவிடும். உயிரோடு கிடந்தால் கிட்டப் போகாதீர்கள், சிறுத்தையானால் வண்டியை விட்டே இறங்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கேஸ் வரும் என்று பயந்து பலர் ஓடிவிடுகிறார்கள். அடிபட்ட மரையை இறைச்சிக்கு ஏற்றிப் போகிறவர்களும் உண்டு. அது கட்டாயம் கேஸ்தான்.

உங்கள் பாதையில் ஹக்கலக் காட்டை ஒட்டி வரும் பகுதியைப் பகலில் ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எத்தனை மதகு, எந்த முடக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே கொழுந்து எடுக்கும் அம்மாக்களோ மரக்கறித் தோட்டக்காரர்களோ இருந்தால் எங்கே இறங்கும் என்று கேளுங்கள். முள்ளம்பன்றி வந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? அங்கிருந்து தொடங்குங்கள்.