சவுத் பார்க்கும் நம்ம பாஷையும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்லூரி விடுதியில் எட்டுப் பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து, வெட்டிய காகித பொம்மை மாதிரி நாலு பையன்கள் வாய்க்கு வந்தபடி பேசும் அமெரிக்க கார்ட்டூன் ‘சவுத் பார்க்’ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். பன்னிரண்டு வருடம் கழித்து, போன மாதம் பழைய சீசன்களைத் தனியாக மறுபடி பார்த்தேன். பாதிக்குச் சிரிப்பே வரவில்லை. சில இடங்களில் கூசியது. அன்றைக்கு என் ரசனை மட்டமாக இருந்ததா, இல்லை எனக்கு வயதாகிவிட்டதா?

இன்னொரு விஷயம். நானும் மூன்று நண்பர்களும் எண்ணூர்ப் பையன்கள் நாலு பேரை வைத்து, அதே மாதிரி காகிதத்தை வெட்டி ஒட்டி மூன்று நிமிட கார்ட்டூன் எடுக்கிறோம். வசனம் எழுதவில்லை. நம்ம பாஷையே பச்சைதானே, அப்படியே பேசினால் போதும் என்று விட்டுவிட்டோம். போனில் எடுத்துப் பார்த்தால் படம் மின்னி மின்னி ஓடுகிறது, காகிதமும் சுருண்டுகொள்கிறது. என்ன செய்யலாம்?

கே., எண்ணூர்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். உங்கள் ரசனையும் மட்டமில்லை, வயதும் ஆகிவிடவில்லை. எட்டுப் பேர் கூடிச் சிரிக்கும்போது பாதிச் சிரிப்பு பக்கத்தில் இருப்பவனுக்காக வருவது. தனியாகப் பார்க்கையில் அது கழிந்துவிடும். கூசிய இடத்தில் கூசட்டும், அதற்கு விளக்கம் தேடி அலையாதீர்கள்.

ஆனால் ‘நம்ம பாஷையே பச்சைதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வெளியூர்க்காரர் சொன்னால் தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். எண்ணூர்க்காரர் நீங்கள் சொல்லலாமா? ரவுடிக்கும் கோமாளிக்கும் மட்டும் இந்த மெட்ராஸ் பேச்சைக் கொடுத்துக் கொடுத்து சினிமா நம் தலையில் கட்டிய பொய் அது. ‘கஸ்மாலம்’ என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகத்தில் தளர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனைக் கண்ணன் கண்டிக்கும் சொல். ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்து வந்தது, ‘நாஸ்தா’ உருதுவிலிருந்து. ‘துட்டு’, உங்கள் ஊருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர். ‘குந்து’ நல்ல தமிழ். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீன் விற்றவர்களும் நாலு நாட்டுக்காரனோடு பேரம் பேசிச் சேர்த்த மொழி இது. இதில் பச்சை எங்கே இருக்கிறது?

‘தா’வில் முடியும் அந்த ஒரு சொல் நம் தெருவில் காற்புள்ளி மாதிரி வந்து விழுகிறது, மறுக்கவில்லை. காற்புள்ளிக்கு யார் சிரிப்பார்கள்? உங்கள் மூன்று நிமிடத்தில் அதை நாற்பது தடவை போட்டால் நாலாவது தடவைக்கு மேல் காதில் ஏறாது. இதை சவுத் பார்க்கே செய்து காட்டியிருக்கிறது. 2001 ஜூனில் வந்த ஒரு எபிசோடில், ஒரே கெட்ட வார்த்தையை 162 தடவை சொல்வார்கள், திரையின் மூலையில் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். டிவியில் முதல் தடவை அந்தச் சொல் வரப்போகிறது என்று ஊரே பரபரக்கும், பிறகு எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி அது சப்பென்று ஆகிவிடும். முதலில் பார்க்கும்போது எண்ணிக்கை ஏறுவதற்குச் சிரிக்கிறோம். சொல் தேய்ந்துபோவதுதான் கதை என்பது இரண்டாம் தடவைதான் தெரிகிறது.

அப்படியானால் மறுபடி பார்க்கும்போது எது நிற்கிறது? உங்களுக்குச் சிரிப்பு வந்த அந்த மீதிப் பாதியை எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். இதை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் நியூயார்க் பல்கலைக்கழக வகுப்பு ஒன்றில் ஒரு விதி சொன்னார்கள். கதையின் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ‘அப்புறம்’ என்ற சொல் வந்தால் கதை செத்தது. ‘அதனால’ அல்லது ‘ஆனா’ வர வேண்டும். எந்த விதியையும் மதிக்காதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள், இந்த ஒன்றை மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைக் கிண்டல் செய்வான், பார்க்க வந்தவர்களோடு வாயாடுவான், ஆனால் அடுத்த வேடம் எப்போது திரைக்குள் வரவேண்டும் என்பதை அவன் ஒருநாளும் தவறவிட மாட்டான். அதே மாதிரிதான்.

2001 ஜூலையில் வந்த ஸ்காட் டெனர்மன் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட் என்ற பெரிய பையன், அந்த நாலு பையன்களில் ஒருவனான கார்ட்மனை ஏமாற்றி முதலில் 10 டாலர், பிறகு 6 டாலர் 12 சென்ட் பிடுங்கிக்கொள்கிறான். அதனால கார்ட்மன் பணத்தைத் திரும்பக் கேட்கிறான், ஆனா அசிங்கப்படுகிறான். அதனால பழிவாங்கத் திட்டம் போட்டு நண்பர்களிடம் சொல்கிறான், ஆனா நண்பர்கள் அதை எதிரியிடமே போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால், அவர்கள் போட்டுக்கொடுப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் அவன் சொல்லியிருக்கிறான். முதல் தடவை, எதிரிக்கு அவன் பெற்றோரையே சமைத்துப் பரிமாறும் அந்த மிளகாய்க் கறிப் போட்டியின் கொடூரத்தில் வாயைப் பிளக்கிறோம். இரண்டாம் தடவை, நண்பர்களிடம் திட்டம் சொல்லும் காட்சியில் கார்ட்மனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். சிரிப்பு இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. இப்படி இடம் மாற வசதியுள்ள கதைதான் திரும்பப் பார்க்கத் தாங்கும்.

தாங்காதவை எவை என்பதற்கும் காரணம் இருக்கிறது. பல வருடங்களாக ஒரு எபிசோடை ஆறு நாளில் எழுதி, வரைந்து, பேசி, ஒளிபரப்பன்று காலையில் அனுப்பினார்கள். 2013 அக்டோபரில் மின்சாரம் போய் முதல் தடவையாகக் கெடு தவறியது. அந்த வேகத்தில் அந்த வாரச் செய்தி சூடாகக் கிடைக்கும், அடுத்த வருடம் ஆறிப்போகும். ஒபாமா வென்றதற்கு மறுநாளே, 2008 நவம்பர் 5 அன்று, அதைப் பற்றிய எபிசோட் வந்தது. தேர்தல் இரவுக் கூத்தெல்லாம் இப்போது பழைய பேப்பர். ஆனால் இரண்டு வேட்பாளர்களும் வைரம் திருடுவதற்காகவே தேர்தலில் நின்றார்கள் என்ற கதை இன்றும் ஓடுகிறது, அது ‘அதனால–ஆனா’ மேல் நிற்பதால்.

அவர்களே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள், அதையும் கவனியுங்கள். 2006இல் புவி வெப்பமாவதை எச்சரித்த அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரை, இல்லாத பூதத்தைக் காட்டி ஊரைக் கூட்டுபவராகக் கிண்டல் செய்தார்கள். 2018இல் இரண்டு எபிசோடுகளில் அந்தப் பூதம் உண்மையிலேயே வந்து ஆளைக் கடித்தது, பையன்கள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் உங்கள் கழிமுகத்தில் வலையிலும் படகிலும் அப்பிக் கிடந்ததே, அதைப் பார்த்தவர்களுக்கு 2006 எபிசோடில் சிரிக்க என்ன இருக்கும்? உங்களுக்குக் கூசியது இதுவாகவும் இருக்கலாம்.

சரி, உங்கள் மூன்று நிமிடம். முதலில் கதை. குடிதண்ணி லாரிக்கு ஒருவன் குடத்தை வரிசையில் வைக்கிறான். ஆனா கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பு இல்லை. அதனால குடத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் செங்கல் வைக்கிறான். ஆனா பின்னால் இருப்பவர்களும் அதைப் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு செங்கல் வைக்கிறார்கள். அதனால லாரி வரும்போது தெருவில் ஒரு குடம்கூட இல்லை, ஒரு சுவர் நிற்கிறது. ஆனா… இதற்கு மேல் நீங்கள் போடுங்கள். ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல் இதுவரை வந்துவிட்டோம். ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சுவரைப் பார்த்த லாரி டிரைவர் வாயில்.

வசனத்தை வார்த்தை வார்த்தையாக எழுதி, முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள். படம் அதற்குப் பிறகுதான். நொடிக்கு 12 படம் போதும். 3 நிமிடத்துக்கு 2160 படம், ஒரு படத்துக்கு 20 நொடி என்றாலும் விடாமல் 12 மணி நேர வேலை. சவுத் பார்க்கின் முதல் எபிசோடை இப்படிக் காகிதத்தில் எடுக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது, அதன் பிறகே கம்ப்யூட்டருக்குப் போனார்கள்.

படம் மின்னுவதற்குக் காரணம் போன் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்வது. கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்ப மினுங்கும், அதனால் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. ஜன்னலைத் துணியால் முழுதும் மூடுங்கள், மேகம் போனாலும் படத்தில் தெரியும். எடுப்பவர் கறுப்புச் சட்டை போடட்டும், வெள்ளைச் சட்டை குனியும்போதெல்லாம் காகிதத்தில் வெளிச்சம் அடிக்கும். போனைத் தொட்டு எடுக்காதீர்கள், ஹெட்போன் ஒயரின் வால்யூம் பொத்தானை அழுத்தினால் பல போன்களில் படம் விழும்.

காகிதம் சுருள்வது கடல் காற்றின் ஈரத்தால். சார்ட் பேப்பரை விட்டு 250 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டைக்கு மாறுங்கள். தண்ணீர்ப் பசை வேண்டாம், குச்சிப் பசை போதும். ஒரு பக்கம் மட்டும் வண்ணத்தாள் ஒட்டினால் அந்தப் பக்கமே வளையும், பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். மேலே கண்ணாடி வைத்து அழுத்துவதானால் இரண்டு விளக்கையும் பக்கவாட்டில் 45 டிகிரியில் வையுங்கள், இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் படத்தில் பளிச்சிடும். ஃபேனை நிறுத்திவிட வேண்டும், வியர்த்தாலும்.

வாய் ஒவ்வொருவருக்கும் ஆறு வெட்டுங்கள்: மூடியது, ‘அ’, ‘இ’, ‘உ’, பல் உதட்டில் படும் ‘வ’, நாக்கு தெரியும் ‘ல’. ‘ப’, ‘ம’ வரும் இடத்தில் மூடிய வாய் குறைந்தது இரண்டு படமாவது இருக்கட்டும், சத்தத்துக்கு ஒரு படம் முன்னாலேயே மூடிவிடட்டும். அதை விட்டால் என்ன பேசினாலும் டப்பிங் படம் மாதிரி இருக்கும். முதலில் 30 நொடி, 360 படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எழுதிய வசனத்தோடு சேர்த்து.

அன்புடன்
அண்ணன்