நரம்புத் தடுப்பு ஊசிக்கு முன்: முதலில் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. இடுப்பில் தொடங்கி இடது கணுக்கால் வரை இழுக்கிறது. மூன்று மாதமாக மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தும் தூக்கமில்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. நரம்புத் தடுப்பு ஊசி போடலாம் என்கிறார்கள். எங்களை அங்கே அழைத்துச் சென்ற தெரிந்தவர், "மூன்று ஊசி பேக்கேஜ், இப்போதே பணம் கட்டினால் குறையும்" என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எட்டு மாதம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். எப்படித் தயாராவது? எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும்?

பதில்: படுக்கையில் கிடக்கவே வேண்டாம். ஊசி போட்ட அன்று ஓய்வு, மறுநாள் வீட்டுக்குள் நடமாட்டம், அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் யாராவது இந்நேரம் பயமுறுத்தியிருப்பார்கள். அப்படி ஆவது மிக மிக அரிது. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே திரையில் ஊசிமுனை நிற்கும் இடத்தைப் பார்த்து, கொஞ்சம் சாய மருந்து விட்டு உறுதி செய்த பிறகே மருந்தைச் செலுத்துவோம். வேலை அரை மணி நேரம்கூட இல்லை. உள்ளே போவது இரண்டு மருந்துகள்: மரத்துப்போக வைப்பது ஒன்று, நரம்பைச் சுற்றிய வீக்கத்தை வடிய வைக்கும் ஸ்டீராய்டு இன்னொன்று. பிதுங்கிய டிஸ்க்கை ஊசி உள்ளே தள்ளாது. வலி தணிந்திருக்கும் வாரங்களில் உடற்பயிற்சி செய்யலாம்; பலருக்கு டிஸ்க் அதுபாட்டுக்குச் சுருங்கியும் விடும்.

இப்போது அந்தப் பேக்கேஜ். முதல் ஊசி போட்டு இரண்டு வாரம் பார்க்காமல் இரண்டாவது தேவையா என்று எனக்கே தெரியாது. உங்களைக் கூட்டிப்போனவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? முதல் ஊசியிலேயே வலி விட்டால் மீதி இரண்டு எதற்கு? கொஞ்சமும் கேட்கவில்லை என்றால் அதே ஊசியை அதே இடத்தில் ஏன் திரும்பப் போட வேண்டும்? மண்டபத்தில் இலவச முகாம், ஸ்கேனுக்குச் சலுகை, கடைசியில் பேக்கேஜ் என்று ஆள் பிடித்துக் கொடுப்பவர்கள் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறார்கள். இது எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. முன்பணம் கட்டாதீர்கள். கையில் நல்ல ஸ்கேன் இருக்கும்போது "எங்கள் சென்டரில் மறுபடி எடுக்கணும்" என்றால் காரணம் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி ஆண்டுக்கு மூன்று, நான்குக்கு மேல் போவதை நாங்கள் தவிர்ப்போம். அந்தக் கணக்கில் முழங்காலுக்குப் போட்டதும் சேரும். மூட்டு வலிக்கு ஊரில் ஊசி போடுகிறவர்கள் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதுவதே இல்லை. நீங்கள் மருந்துப் பெயர், அளவு, போட்ட இடம் மூன்றையும் எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

என் உண்மையான கவலை ஸ்டென்ட். எட்டு மாதம் என்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்ற இரண்டு மாத்திரைகளை அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முதுகெலும்புக்குள் ரத்தம் கசிந்து கட்டினால் நரம்பு நசுங்கும் என்பதால், இந்த ஊசிக்குக் குளோபிடோகிரெலை ஏறக்குறைய ஒரு வாரம் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், அது மாரடைப்பு. எனவே எதற்காக ஸ்டென்ட் வைத்தார்கள் என்பது முக்கியம். மாரடைப்பு வந்து வைத்தது என்றால் பொதுவாக ஓராண்டு இரண்டு மாத்திரையும் தொடர வேண்டும். அப்படியானால் நான் ஊசியை நான்கு மாதம் தள்ளிவைப்பேன். கால் வலி உயிரை எடுக்காது. மாரடைப்பு இல்லாமல் அடைப்பைக் கண்டுபிடித்து வைத்தது என்றால், ஆறு மாதம் கடந்திருப்பதால் இதய மருத்துவர் சம்மதிக்கலாம். இன்னொரு வலையும் இருக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பு மருந்து மூன்றும் ஒரே கேப்சூலில் வருகிறது. வீட்டில் அதைக் "கொழுப்பு மாத்திரை" என்றே சொல்வார்கள். "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆகவே வாயால் சொல்லாதீர்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எதை, எந்தத் தேதியில் நிறுத்தி, எப்போது தொடங்க வேண்டும் என்று இதய மருத்துவர் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். "அவரிடம் கேளுங்கள்" என்று இவரும், "இவரிடம் கேளுங்கள்" என்று அவரும் அலையவிடுவார்கள். இரண்டு டாக்டர்கள் ஒரு போனில் முடிக்க வேண்டியதை நோயாளியின் மகன்தான் ஆட்டோ பிடித்து முடிக்க வேண்டியிருக்கிறது.

சர்க்கரை: ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும், சில நாள் முதல் ஒரு வாரம் வரை. 300-ஐத் தொட்டால் பதறாதீர்கள், ஆனால் வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்க வேண்டும். தினம் இரண்டு வேளை பாருங்கள். மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஊசிக்கு முன்பே 200-ஐத் தாண்டி நின்றால் நான் தள்ளிவைப்பேன். காய்ச்சல், சீழ்க்கட்டி, சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அப்படித்தான். மயக்க மருந்து இருந்தால் மட்டுமே ஆறு மணி நேரப் பட்டினி. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போடக் கூடாது.

போட்டதும் கால் சில மணி நேரம் மரத்து, தள்ளாடும். கைத்தாங்கலாகக் கூட்டிப்போங்கள், இருசக்கர வண்டியில் ஏற்ற வேண்டாம். சாயங்காலம் வலி பறந்துபோனது போல இருக்கும், ராத்திரி திரும்பி வரும். மரத்துப்போக வைத்த மருந்து தீர்ந்துவிட்டது, ஸ்டீராய்டு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. அதற்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். "ஊசி தோற்றுவிட்டது" என்று நடு இரவில் வரும் போன்கள் பாதி இதுதான். ஊசி போட்ட இடத்தில் ஐஸ் வைக்கலாம்; தைலம், வெந்நீர் ஒத்தடம், நீவல் எதுவும் வேண்டாம்.

காப்பீட்டுக்காக ஓர் இரவு தங்கச் சொன்னால், உங்கள் பாலிசியின் டே கேர் பட்டியலில் (இரவு தங்காமலே பணம் கிடைக்கும் சிகிச்சைகளின் பட்டியல்) இது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அரை மணி நேர வேலைக்கு அறை வாடகை கட்ட வைக்கும் இந்த ஏற்பாடு யாருக்காக என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாளும் கால் தூக்க முடியாமல் இருந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, குளிர் காய்ச்சலோடு முதுகு வலி ஏறிக்கொண்டே போனாலோ, ஓ.பி. நேரம் பார்க்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஊசி போட்ட சீட்டோடு.