செல்லின் உட்கரு மிதக்கிறதா, பிணைக்கப்பட்டிருக்கிறதா?

உட்கரு செல்லுக்குள் மிதக்கிறதா, பிணைக்கப்பட்டிருக்கிறது என்றால் அந்தப் பிணைப்பு உட்கரு உறையின் இரண்டு சவ்வுகளையும் எப்படிக் கடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில், கன்னத்தின் உட்புறச் செல்லை நுண்ணோக்கியில் காட்டும்போதெல்லாம் இதே கேள்வியை நான் எதிர்கொள்கிறேன்.

உட்கரு மிதப்பதில்லை. எங்கள் பக்கத்து வளவு வீடுகளில் கூரையின் பாரம் உத்தரம், தேக்குத் தூண், அடிக்கல் என்று தொடர்ச்சியாக இறங்குவதுபோல, செல்லின் மேற்பரப்பில் விழும் இழுவிசை உட்கருவின் உள்வரை சென்று சேர்கிறது. 1997-இல் செல் உயிரியலாளர் இங்பர் உள்ளிட்ட மூவர், செல்லின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்களைப் பற்றி இழுத்தபோது உட்கருவும் அந்தத் திசையில் உருமாறியதைக் காட்டினர்.

நீங்கள் கேட்ட கடக்கும் இடம்தான் இதில் மிக நுட்பமானது. இரு சவ்வுகளுக்கும் இடையில் ஏறத்தாழ 30 முதல் 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு. எந்த ஒரு தனிப் புரதமும் இரண்டையும் ஊடுருவி நிற்பதில்லை. உட்சவ்வில் பதிந்த சன் புரதங்கள், உட்கருவின் உள்ளே உட்சவ்வை ஒட்டி அதைத் தாங்கும் புரத இழைகளான லாமின் வலையைப் பற்றிக்கொண்டு, மறுமுனையை அந்த இடைவெளிக்குள் நீட்டுகின்றன. வெளிச்சவ்வில் பதிந்த நெஸ்பிரின் புரதங்கள் காஷ் எனப்படும் தம் குட்டையான வால் பகுதியை அதே இடைவெளிக்குள் விடுகின்றன. மூன்று சன் புரதங்கள் ஒன்றாகத் திரண்ட முனையில் மூன்று காஷ் வால்கள் பொருந்துகின்றன என்பதையும், அங்கே இரு கந்தக அணுக்களுக்கு இடையே உருவாகக்கூடிய டைசல்பைடு பிணைப்பு இழுவிசையைத் தாங்க உதவும் என்பதையும் 2012-இல் வெளியான படிக அமைப்பு ஆய்வு தெளிவாக்கியது. 2006 முதல் இந்த இணைப்பு லிங்க் கூட்டமைப்பு என்று அழைக்கப்படுகிறது.

செல்லுக்கு வடிவம் தரும் புரத இழைகளின் தொகுப்பான செல் சட்டகத்தின் பக்கம், நெஸ்பிரின் 1, 2 ஆகியவற்றின் பெரிய வடிவங்கள் ஆக்டின் இழைகளைப் பற்றுகின்றன. நெஸ்பிரின் 3 பிளெக்டின் என்ற இணைப்புப் புரதத்தின் வழியாக இடைநிலை இழைகளையும், நெஸ்பிரின் 4 கைனசின் என்ற இயக்கப் புரதத்தின் வழியாக நுண்குழல்களையும் சென்றடைகின்றன.

இந்தத் தொடர் பழுதானால் என்ன ஆகும் என்பதைத் தசையில்தான் அழுத்தமாகக் காண்கிறோம். லாமின் வலையின் ஒரு புரதமான லாமின் ஏ அல்லது உட்சவ்விலுள்ள எமரின் புரதத்தின் மரபணுவில் நேரும் பிழைகள் எமரி-டிரைஃபஸ் தசைச்சிதைவை உண்டாக்குகின்றன. முழங்கையும் கணுக்காலும் விறைத்து மடங்குவதுடன் இதயத் துடிப்பின் மின்கடத்தலும் பாதிக்கப்படுகிறது. லாமின் ஏ பெரும்பாலான திசுக்களில் காணப்பட்டாலும், ஓயாமல் இழுபடும் தசையும் இதயமும் முதலில் தளர்வதற்கு இந்த இயந்திரப் பிணைப்பின் பலவீனமே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். மரபணுக்களின் செயல்பாட்டில் நேரும் மாற்றத்துக்கும் அதில் பங்குண்டு.