பட்டாசு ஆலை உரிமமும் பாதுகாப்பும்: வாசகர் கேள்விகள்

நாக்பூர் லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்? (சாத்தூர் வாசகர்)

அளவுதான் வித்தியாசம். இரண்டுமே 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி தரப்படுபவைதான். ஒரே நேரத்தில் வைத்திருக்கும் வெடிபொருள் 15 கிலோவைத் தாண்டாத சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகமே, அதாவது மாவட்ட வருவாய் அலுவலரே (டி.ஆர்.ஓ.), உரிமம் கொடுத்துவிடும். அதற்கு மேல் என்றால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம் போக வேண்டும். அதன் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது.

என் ஆலையில் நாலு ரூமை மட்டும் குத்தகைக்குக் கேட்கிறார்கள். விடலாமா? (வெம்பக்கோட்டை)

கூடவே கூடாது. உரிமம் உங்கள் பெயருக்குத்தான், ரூமுக்கு அல்ல. குத்தகைக்கு எடுப்பவர் கொடுத்த பணத்தை ஒரே சீசனில் எடுக்கப் பார்ப்பார். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஏழெட்டு பேர் உட்காருவார்கள். இடம் போதாமல் மரத்தடியில் சாக்கை விரித்துப் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துவார்கள். அறைகளுக்கு நடுவே இடைவெளி விட்டதே ஓர் அறையின் தீ அடுத்ததைத் தொடக்கூடாது என்றுதான். நடுவில் மரத்தடி வேலை நடந்தால் அந்த இடைவெளிக்கு அர்த்தமே இல்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தபோதும் உள்குத்தகைதான் பெரிய பேச்சாக இருந்தது. அதற்கப்புறமும் இந்தக் கேள்வி வருவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

சாயங்காலம் கலவை மிஞ்சினால் மூடிவைத்து மறுநாள் எடுக்கலாமா? (மருந்துக் கலவை அறையில் வேலை செய்பவர்)

எடுக்கக் கூடாது, அம்மா. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் கை வைக்கும்போதுதான் தெரியும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கச் சொல்லுங்கள். மிஞ்சினால் போர்மேனிடம் சொல்லி அன்றே முறைப்படி அழிக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் புடவை வேண்டாம், பருத்தி மட்டும் கட்டுங்கள். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டை ஒவ்வொரு முறையும் தொட்டுவிட்டு உள்ளே போங்கள், உடம்பில் சேர்ந்த மின்சாரம் அதில் இறங்கிவிடும். இரும்புக் கரண்டி, இரும்பு வாளி உள்ளே வரவே கூடாது. இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. கேட்பது உங்கள் உரிமை. கையோடு உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குத் தற்காலிகக் கடை போட என்ன விதி? (கும்பகோணம்)

எளிதில் தீப்பிடிக்காத பொருளால் ஆன ஷெட், கடைக்குக் கடை 3 மீட்டர், வீடு, பள்ளி போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். கடைகள் எதிரெதிரே இருக்கக் கூடாது. தொங்கும் பல்பும் கூடாது.

பக்கத்து ஆலையில் புகை வந்தால் ஓடிப்போய் உதவலாமா? (திருத்தங்கல்)

போகாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீயைப் பார்க்கவும் உதவவும் ஓடியவர்களும் இறந்துபோனார்கள். முதல் வெடியோடு முடிந்துவிடாது, குடோனில் சரக்கு இருந்தால் அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கும். 101க்குச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கண்ணாடி ஜன்னல் பக்கம் விடாமல் தள்ளி அழைத்துப் போங்கள். தீயணைப்பு வண்டி வரும் பாதையில் பைக்கை நிறுத்தாதீர்கள்.